உடைய வேண்டிய ஆணி

பிரேயஸ்
9 அக்டோபர் 1973

அன்புள்ள அக்கா,

ஆகஸ்டில் உன்னிடம் சொல்லாமல் கப்பல் ஏறியதற்கு நீ இன்னும் கோபமாக இருப்பாய். வரைபடங்களையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்ததற்கு அதைவிடக் கோபமாக இருப்பாய். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

காப்புரிமை கிடைத்துவிட்டது. தெமெலீனா என்று உன் பெயர் முதலில், சகெல்லாரிஸ் என்று என் பெயர் அடுத்து. கிரேக்க அகர வரிசையில் அப்படித்தான் வருமாம், பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

காகிதம் வந்த அன்றே வூர்னாஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தக் கப்பல் பட்டறையில் இத்தனை வருஷம் படம் வரைந்திருக்கிறேன், முதலாளி என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்ஜின் இல்லாம போகுதுங்கறீங்க. பாய் கட்டியா?" என்றார்.

"பாயும் இல்ல சார். படகோட மூக்குக்கு அடியில, தண்ணிக்குள்ள ரெண்டு இறக்கை. அலை படகைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அது மீன் வால் மாதிரி அசையும். அந்த அசைவே படகை முன்னால தள்ளும்."

"எதிர்காத்துல?"

"எதிர்காத்துலதான் இன்னும் நல்லா போகும். ஆகஸ்ட்ல வடகாத்து அடிச்சப்போ பெரிய கப்பலெல்லாம் கட்டிப் போட்டுக் கிடந்துச்சு. நாங்க எங்கப்பா படகுல எங்க தீவு கலிம்னோஸ்லேர்ந்து பக்கத்துத் தீவு லேரோஸ் போயிட்டு வந்தோம்."

"நாங்கன்னா?"

"நானும் எங்க அக்காவும். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். இறக்கையோட கணக்கெல்லாம் அவங்க போட்டது."

"அலையே இல்லாத நாள்ல?"

"கடல் தூங்கினா படகும் தூங்கும் சார்."

அதற்குச் சிரித்தார். பிறகு, "சத்தம்?" என்று கேட்டார். சத்தமே கிடையாது என்றேன். சிரிப்பு நின்றது. மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நம் படத்தை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார்.

முழு உரிமையையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். சோதனைத் தொட்டி கட்டுவார், நல்ல உலோகம் தருவார், எனக்குக் கீழே ஆட்கள் வைப்பார். யாருக்குச் செய்வது, யாருக்கு விற்பது என்பது மட்டும் அவர் முடிவு. இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். உன்னுடையதைப் போட்டு அனுப்பு. நாமே செய்தால் ஆயுளுக்கும் நாலைந்து படகு செய்வோம், அக்கா. அதற்குள் யாராவது இத்தாலிக்காரன் இதையே கண்டுபிடித்துவிடுவான்.

உன் தம்பி
சகெல்லாரிஸ்


கலிம்னோஸ்
2 டிசம்பர் 1973

சகெல்லாரிஸ்,

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கசங்கியிருப்பதற்குக் காரணம் தபால்காரர் இல்லை.

முதலில் ஒன்று. போன மாதம் ஏதென்ஸில் மாணவர்களுக்கு என்ன நடந்தது என்று ரேடியோ சொல்லவில்லை. அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கிற அம்மாக்கள் சொன்னார்கள். பத்திரமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. கடிதத்தை வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று பயந்தால், சளி குணமாகிவிட்டது என்று எழுது.

இனி உன் வூர்னாஸ். சத்தம் இல்லை என்றதும் சிரிப்பை நிறுத்திய மனிதருக்கு நான் எதையும் விற்கமாட்டேன். மீன் பிடிக்கிறவனுக்குச் சத்தம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? யாருக்கு அது தேவைப்படும் என்று உனக்கும் தெரியும்.

இங்கே டீசலுக்கு அளவு வைத்துவிட்டார்கள். பொதியா துறைமுகத்தில் படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கின்றன, ஆண்கள் காலையிலேயே காபிக்கடையில். நான் மட்டும் அப்பா படகில் போய் வலை போட்டுவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது நோமிகோஸ் கயிற்றைப் பிடித்துக் கட்டினான். ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் உன் தொப்பியைக் கிணற்றில் போட்ட அதே நோமிகோஸ். இப்போது ஊரிலேயே கனமான படகு அவனுடையது.

"டீச்சர், அந்த மீன் வாலை எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க," என்றான்.

"அது என்னோடது மட்டும் இல்லப்பா. தம்பியும் சேந்து முடிவு பண்ணணும்."

"அவன் பிரேயஸ்ல உக்காந்து முடிவு பண்ணிட்டு இருப்பான். எங்க வீட்ல அடுப்பு யாரு பத்த வைக்கிறது? கடல் உங்க ரெண்டு பேருக்கு மட்டுமா அலை அடிக்குது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்து கொடுக்கப் போகிறேன். படம் உன்னிடம் இருக்கட்டும், படகு என்னிடம் இருக்கிறது. அளந்து வரைந்துகொள்வேன்.

தெமெலீனா


பிரேயஸ்
20 டிசம்பர் 1973

அன்புள்ள அக்கா,

சளி குணமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னும் குணமாகவில்லை. எங்கே வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று அவன் அம்மாவுக்கே தெரியவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

நீ என்னை ஆசை பிடித்தவன் என்று நினைக்கிறாய். ஆசை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறொன்றும் இருக்கிறது. ஒரு பொருளுக்கு முதலாளி என்று ஒருவன் இருந்தால், அது உடைகிற நாளில் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறான். வூர்னாஸ் பட்டறையில் எந்தப் பாகமும் இயந்திரத்தில் இழுத்துப் பார்க்காமல் வெளியே போகாது. கலிம்னோஸில் யார் இழுத்துப் பார்ப்பார்கள்? தச்சன் கண்ணால் பார்ப்பான், கொல்லன் தட்டிப் பார்ப்பான், நோமிகோஸ் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

எல்லோருக்கும் கொடுப்பது என்றால் யார் பொறுப்பிலும் இல்லாமல் விடுவது. அதை நீ தர்மம் என்று நினைக்கிறாய். எனக்கு அது பயமாக இருக்கிறது.

சத்தம் விஷயம். சீருடை போட்ட ஒருவர் வூர்னாஸைப் பார்க்க வந்தார், நம் சிறிய மாதிரியைத் தண்ணீர்த் தொட்டியில் பார்த்துவிட்டுப் போனார். அது எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வூர்னாஸிடம் சொல்லவில்லை.

ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். படம் எதையும் வெளியே தரமாட்டேன் என்று கம்பெனிக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் நீடிக்க அது வேண்டியிருந்தது. தயவுசெய்து யாருக்கும் எதுவும் செய்து கொடுக்காதே.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

சகெல்லாரிஸ்


கலிம்னோஸ்
24 பிப்ரவரி 1974

தம்பி,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நீயும் அப்படியே படி.

இப்போது ஏழு படகில் வால் இருக்கிறது. இறக்கைக்கு ஓக் மரமும் தகடும், அதை இழுத்து நிமிர்த்துகிற வில்லுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை. கோஸ் தீவில் இருக்கிற பழைய லாரிகளுக்கெல்லாம் எப்படிப் பட்டை காணாமல் போகிறது என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். போன வாரம் ஏழும் ஒன்றாக வெளியே போயின, எதிர்காற்றில், இன்ஜின் சத்தம் இல்லாமல். ஆட்கள் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார்கள். நீ அங்கே இருந்திருக்க வேண்டும். இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை.

பிரச்சினை ஆணியில். வாலைப் பிடித்து நிறுத்துகிற அந்த ஆணி, அடி தாங்கமுடியாத அலை வந்தால் முறிய வேண்டும். முறிந்தால் இறக்கை சும்மா தொங்கும், படகு பிழைக்கும். அது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அப்பா படகின் ஆணியை அளந்து அதே அளவில்தான் எல்லாவற்றுக்கும் செய்தோம். அது நீ பட்டறையில் செய்த ஆணி, என்ன உலோகக் கலவை என்று கொல்லனுக்குத் தெரியவில்லை. லேசான படகில் முறிய வேண்டிய நேரத்தில் முறிவதில்லை. நோமிகோஸின் படகில் நல்ல அலை வந்தாலே முறிகிறது, அப்புறம் துடுப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. மூன்று தடவை அப்படி வந்துவிட்டான், காபிக்கடையில் கிண்டல் தாங்கவில்லை.

எந்த எடைக்கு எந்த ஆணி என்று இயந்திரத்தில் முறித்துப் பார்த்து நீ ஓர் அட்டவணை போட்டாய். என் கணக்கை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். அந்த ஒரு தாள் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

சீக்கிரம்.

அக்கா


பிரேயஸ்
10 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. தாளை அனுப்பக் கம்பெனியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வக்கீல் ஊரில் இல்லை. அவர் வந்ததும் பதில் சொல்வார்கள்.

அதுவரை ஏழு படகையும் கரையில் நிறுத்திவை. அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்.

சகெல்லாரிஸ்


கலிம்னோஸ்
20 ஏப்ரல் 1974

சகெல்லாரிஸ்,

நோமிகோஸ் இறந்துவிட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம். அவனும் அவன் மச்சானும் லெவிதா தீவுப் பக்கம் போயிருந்தார்கள். திரும்புகிற வழியில் தெற்குக் காற்று கிளம்பியது. ஆணி முறிந்து முறிந்து சலித்துப்போய் அவன் கனமான இரும்பு போல்ட்டை மாட்டியிருந்தான். போகிற அன்று காலையில் என்னிடம் காட்டினான். "டீச்சர், இது இனி என் பேரன் காலத்துக்கும் முறியாது," என்றான். முறியாமல் இருக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்ப எதைப் போடறது? சொல்லுங்க, இப்பவே மாத்தறேன்," என்று கேட்டான். அதைச் சொல்கிற தாள் என்னிடம் இல்லை.

போல்ட் முறியவில்லை. இறக்கை படகின் மூக்குப் பலகையையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மச்சான் ஒரு மூடிப் பலகையைப் பிடித்து மிதந்தான். இன்ஜின் படகு எதுவும் அந்தக் கடலில் இறங்கவில்லை. வால் மாட்டிய படகு இரண்டு போய்த்தான் அவனைத் தூக்கி வந்தன. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், எந்தப் பக்கம் வைத்து எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. நோமிகோஸ் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான்.

ஒவ்வொரு வருஷமும் போடுகிற வெடியை இந்த ஈஸ்டருக்கு மலையிலிருந்து யாரும் போடவில்லை. பாதிரியார் பூசையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்தார்.

அவன் மனைவி செவாஸ்தி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், அந்த ஆணி முறியறதுக்குன்னே செஞ்சதாமே? நிஜமா?"

"ஆமா செவாஸ்தி. முறியணும்."

"எது முறியும், எது முறியாதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியும்."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள், அவள் தன் மூத்த பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தெரியாத பாதியோடு சேர்த்து ஒரு பொருளை நான் ஊருக்குக் கொடுத்தேன். தெரிந்த பாதியை நீ பெட்டியில் பூட்டி வைத்தாய். இதில் யாருடையது பெரியது என்று சண்டை போட எனக்கு இப்போது தெம்பு இல்லை.

துறைமுக அலுவலகம் வால்களைக் கழற்றச் சொல்லிவிட்டது. பகலில் கழற்றுகிறார்கள், கடலுக்குப் போனதும் மாட்டிக்கொள்கிறார்கள். அதே ஆணிகளோடு.

நீ வர வேண்டாம். தாளை அனுப்பு.

தெமெலீனா


பிரேயஸ்
6 மே 1974

அக்கா,

இந்த உறையில் எல்லாம் இருக்கிறது. ஆணி அட்டவணை, எந்தப் பித்தளை, கொல்லன் அதை எப்படிச் சோதிப்பது, இறக்கையின் படங்கள். ஒரு தாள்கூட என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. தபாலில் போடாமல் கப்பலில் வரும் நம் ஊர்க்காரர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அனுப்பிவிட்டேன் என்று வூர்னாஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்க ஊர்ல ஒருத்தன் செத்துட்டான் சார்," என்றேன்.

"கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. ஒண்ணு கேக்கறேன், நிதானமா பதில் சொல்லுங்க. என் பட்டறையில செஞ்ச வால் எதாவது உடைஞ்சு யாராவது செத்தாங்களா?"

"இல்ல. உங்க பட்டறையில இதுவரைக்கும் ஒண்ணுகூடச் செய்யல."

"செஞ்சிருந்தா உடைஞ்சிருக்காது."

"செஞ்சிருந்தா அவனுக்குக் கிடைச்சிருக்காது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீல் பேசுவார்," என்றார். மாலைக்குள் என் மேசையைக் காலி செய்துவிட்டார்கள். வழக்கு வரும். வரட்டும்.

இப்போது பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் ஓர் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. துரு சுரண்டுகிற இடம்தான்.

வூர்னாஸ் சொன்னது முழுப் பொய் இல்லை என்று இன்னமும் நினைக்கிறேன், அக்கா. யாராவது ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும். அவர் இல்லை, அவ்வளவுதான். படகுக்காரர்களே ஒரு சங்கமாகச் சேரட்டும். ஆணியைச் சோதிக்காமல் யாரும் வால் மாட்டக் கூடாது, செய்தவன் தன் பெயரைத் தகட்டில் அடிக்க வேண்டும். காப்புரிமையைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிவிடலாம். இந்தத் தடவை நீ எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

செவாஸ்திக்கு நான் எழுதட்டுமா? என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சகெல்லாரிஸ்


கலிம்னோஸ்
28 அக்டோபர் 1974

தம்பி,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோடையில் நடந்ததெல்லாம் காரணம். சைப்ரஸில் துருக்கி இறங்கியதும் உனக்கும் அங்கே போர் அழைப்பு வந்திருக்கும். இங்கே ஜூலையில் ஒரு ராணுவ ரிசர்வ் அதிகாரி வந்து, நாட்டுக்குத் தேவைப்படுகிறது என்று வால் மாட்டிய படகுகளில் மூன்றை ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அது அவ்வளவு எளிதாக நடந்தது. யாரும் யாருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் படகுகள் திரும்பி வந்தன. அந்த நாட்கள் முழுவதும் அலையே இல்லாமல் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்ததாம். வாலைக் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜின் மாட்டிக்கொண்டார்கள். வால்களுக்கு ரசீது இல்லை. அதற்குள் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்து வைத்திருந்த கர்னல்களும் போய்விட்டார்கள்.

சங்கம் நடக்கிறது, சண்டையோடுதான். தலைவர் யார் என்று முடிவு செய்யவே மூன்று கூட்டம். கடைசியில் நோமிகோஸின் மச்சானைப் போட்டார்கள். துறைமுக அலுவலகம் ஆணிச் சோதனையைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்துவிட்டது. கிரேனில் தொங்கவிட்டு எடை போடாமல் எந்தப் படகுக்கும் ஆணி கிடையாது. கொல்லன் ஒவ்வொரு கட்டு ஆணியிலும் இரண்டை எல்லோர் முன்னாலும் முறித்துக் காட்டுகிறான். செவாஸ்தி வருகிறாள், பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு தடவை சட்டம் ஒன்றும் சேர்த்தாள். படம் கொடுக்கிறவன் ஆணி அட்டவணையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுத்தால் சங்கத்தை விட்டு நீக்கம். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டாள். படித்தாளா என்று கேட்கவில்லை.

இப்போது வேறு ஒன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை கிழக்கே, ஜலசந்தி நடுவில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கரையிலிருந்து ஒரு படகு எதிர்காற்றில் வந்தது, பாய் இல்லாமல், சத்தம் இல்லாமல். துருக்கிப் படகு. மூக்குக்கு அடியில் தண்ணீர் சுழிக்கிறதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் வால்.

எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. நம் ஆள் யாராவது விற்றிருக்கலாம், அவர்களே தூரத்திலிருந்து பார்த்துச் செய்திருக்கலாம். சைப்ரஸுக்குப் பிறகு அந்தப் பக்கம் நம்மவர்கள் கைகூடக் காட்டுவதில்லை. நானும் வலையை வெட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவன் அருகில் வந்துவிட்டான். நடுவயது, தனியாக இருந்தான். என் படகின் மூக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் திருடனைக் கண்ட மாதிரி நின்றோம்.

அவனுக்குக் கொஞ்சம் கிரேக்கம் தெரியும், தாத்தா காலத்துக் கிரேக்கம்.

"உன்னோடதா?" என்று என் வாலைக் காட்டிக் கேட்டான்.

"எங்களோடது. உனக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. பாத்தேன். செஞ்சேன்."

"ஆணி என்ன போட்டிருக்க?"

அவனுக்கு அந்தச் சொல் புரியவில்லை. கையால் காட்டினேன். குனிந்து, மாற்று ஆணி ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினான். சுத்த இரும்பு, என் கட்டைவிரல் தடிமன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. சங்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆணி. அவன் சங்கத்தில் இல்லை, நம் நாட்டிலேயே இல்லை. என் பெட்டியிலிருந்து பித்தளை ஆணி மூன்றை எடுத்து ஒரு துணியில் சுற்றி அவன் படகுக்குள் வீசினேன். "அதைத் தூக்கிக் கடல்ல போடு! இதைப் போடு! இது முறியும், முறியட்டும்!" என்று கத்தினேன். எவ்வளவு புரிந்ததோ. இரும்பு ஆணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடலில் போடவில்லை, பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு கூடை அத்திப்பழத்தை நீளக் கம்பில் மாட்டி என் பக்கம் நீட்டினான்.

நான் செய்தது சரியா என்று உன்னைக் கேட்கவில்லை. சங்கத்தில் சொல்லலாமா, வேண்டாமா என்று கேட்கிறேன்.

அக்கா


பெராமா
5 நவம்பர் 1974

அன்புள்ள அக்கா,

சங்கத்தில் சொல். முதலில் செவாஸ்தியிடம் சொல், பிறகு கூட்டத்தில் அவள் இருக்கும்போது சொல்.

அதைவிட முக்கியமான ஒன்று. நீ கொடுத்த மூன்று ஆணியும் அப்பா படகின் எடைக்குச் செய்தவை. அவன் படகின் எடை உனக்குத் தெரியுமா? கனமான படகாக இருந்தால் அடிக்கடி முறியும், சலித்துப்போய் மறுபடியும் இரும்பை மாட்டுவான். லேசாக இருந்தால் முறியவே முறியாது. எடை தெரியாமல் ஆணி கொடுக்கலாமா? நீ கணக்கு டீச்சர்!

துருக்கி மொழி தெரிந்த ஒருவர் இங்கே எங்கள் பட்டறையில் இருக்கிறார், துருக்கியின் ஸ்மிர்னா நகரத்திலிருந்து வந்த குடும்பம். அவரை உட்காரவைத்து அட்டவணையை அந்த மொழியில் எழுதிவிட்டேன். நீளம், அகலம், தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது, இந்த மூன்றையும் அவன் அளந்து சொன்னால் போதும், எடையை நாமே போட்டுவிடலாம்.

தபாலில் அனுப்பமாட்டேன். சனிக்கிழமைக் கப்பலில் நானே எடுத்து வருகிறேன். அடுத்த வியாழக்கிழமையும் அவன் அந்தப் பக்கம் வருவான், இல்லையா?

சகெல்லாரிஸ்